பரங்கிக் கீற்றும் காற்று வறுசட்டியும்

மார்கழித் திங்களின் விடியற்போதில் திருவண்ணாமலைத் தெருக்களில் நடப்பார் காணும் காட்சி ஒன்றுண்டு. சாணங் கரைத்துத் தெளித்த வாயிலில் ஒரு கோலம். கோலத்தின் நடுவே ஒரு சாண உருண்டை. அவ்வுருண்டையின் தலையிலே செம்மஞ்சள் நிறத்தில் மலர்ந்த ஒரு பரங்கிப்பூ. அப் பூவை ஈன்ற கொடியின் காயே தைத்திங்கள் முதல்நாளில் அவரையோடும் மொச்சையோடும் கூடிப் பொங்கற் குழம்பாகும். பந்தற்கால் நடும் வீட்டிலும் பரங்கிக் கூட்டு உண்டு. படையலிட்டு முன்னோரை நினைக்கும் வீட்டிலும் பரங்கிக்காய் உண்டு. இங்ஙனம் தமிழர் வாழ்வொடு பின்னிக் கிடக்கும் ஒரு காய், அதே ஊரிலே, குளிர்பதனக் கடைகளின் தட்டில் ஆங்கிலப் பெயரொட்டு ஒன்றைத் தாங்கிச் 'சுகுவாசு' என்றும் 'பட்டர்நட்' என்றும் இன்று விலையாகின்றது. பக்கத்துத் தெருச் சந்தையில் அதன் உடன்பிறப்பு கீற்றுக் கீற்றாக அரியப்பட்டுப் பரங்கி என்றே விற்கின்றது. பெயர் மாறியவுடன் விலையும் மாறிவிடுகின்றது.

தேரடித் தெருவில் ஏனக்கடை ஒன்றின் வாயிலில் அண்மையில் நடந்தது இது. கரிய பெட்டி போன்ற மின்கலம் ஒன்றை மேசைமேல் வைத்து, 'ஏர் பிரையர்' என்று அதன் அருமை பெருமைகளை விற்பனை இளைஞர் ஒருவர் விளக்கிக்கொண்டிருந்தார். சுற்றி நின்றவர்களுள் கீழ்நாத்தூர்ப் பக்கத்து முதியவள் ஒருத்தி, "தம்பி, இதுல பரங்கிக் கீத்தை வாட்டலாமா?" என்று கேட்டாள். இளைஞர் முகமலர்ந்து, "ரோசுட்டு பண்ணலாம்மா, பேக் பண்ணலாம், பிரை பண்ணலாம். வாட்டுறதுன்னா என்னம்மா?" என்றார். முதியவள் சற்றே திகைத்து, "வாழையிலையை அனல்ல காட்டுவாங்களே, நீ பார்த்ததே இல்லையா?" என்றாள். அவர் பார்த்ததில்லை. அவர் வீட்டில் அதற்குத் தேவையும் இருந்திராது. அவர் தமிழர், தமிழ்வழியிலேயே சில ஆண்டுகளேனும் படித்தவராக இருத்தல் கூடும், நல்ல உள்ளத்தினர். ஆயினும், தம் பாட்டியர் நாள்தோறும் ஆண்ட ஒரு தமிழ் வினைச்சொல், ஒரு தலைமுறைக்குள்ளாகவே அவர்க்கு அயன்மொழியாகிவிட்டது.

இச் சிறு நிகழ்ச்சியில் இருவேறு சிக்கல்கள் அடங்கியுள. புதிய பொருளுக்குத் தமிழ்ப்பெயர் யாது என்பது ஒன்று. பழைய செயலுக்குரிய தமிழ்ச்சொல் எங்ஙனம் சாகின்றது என்பது மற்றொன்று. தனித்தமிழ் அன்பர்கள் முன்னதைப் பற்றி மிகுதியாகப் பேசுகின்றனர். பின்னதோ பெரிது.

பரங்கி அயலானா?

முதலிற் காயைக் காண்போம் என்பார்க்கு அதன் வரலாறு சுவையானது. பரங்கிப் பேரினக் கொடிகள் அனைத்தும் அமெரிக்கக் கண்டத்துக்கே உரியவை. மெக்சிகோ நாட்டின் ஒரு மலைக்குகையில் கிடைத்த இவ்வினத்து விதைகள் ஏறத்தாழப் 10,000 ஆண்டுப் பழைமையுடையன என்று தொல்லியலார் கணித்துள்ளனர். 1492இல் கொலம்பசு அக் கண்டத்தை அடைந்ததற்கும், 1498இல் வாசுகோடகாமா கோழிக்கோட்டில் கரையிறங்கியதற்கும் பின்னரே இக்காய் இந்நாட்டு மண்ணில் வேரூன்றியது. ஆகலின் கழகக் காலத்துத் தமிழர் இதனை உண்டிலர். திருவண்ணாமலைக்கு மேற்கே செங்கத்தை, அற்றைச் செங்கண்மாவை, ஆண்ட நன்னனைப் பாடிய மலைபடுகடாம் 583 அடிகளில் மலைநாட்டு ஊர்தோறும் கூத்தர்க்குக் கிடைக்கும் உணவுகளை விரித்துரைக்கின்றது. அவ் வுணவுகளிடையே பரங்கி இராமை இயல்பே.

பழந்தமிழர் அறிந்தது வேறொரு காய். மேலே வெண்பொடி படிந்த, இன்று 'கலியாணப் பூசணி' என்று வடசொற் கலந்து அழைக்கப்படுவது அது. அது கீழைநாடுகளுக்கே உரியது. அதனை ஈழத்தமிழர் நீற்றுப்பூசணி என்பர்; நாஞ்சில் நாட்டார் தடியங்காய் என்பர். திருநீறு பூசினாற்போல் வெண்பொடி போர்த்த காய்க்கு நீற்றுப்பூசணி என்பதினும் பொருத்தமான பெயர் உண்டோ? அமெரிக்கக் காய் வந்தபோது, உருவொப்புமை கண்ட மக்கள் அதற்கும் பூசணி என்னும் பெயரையே நீட்டினர். கொங்கு நாட்டார் அரசாணி என்றனர். பிற பகுதியினர், அதனைக் கொணர்ந்தவன் பெயரால் பரங்கி என்றனர். பரங்கி என்பது 'பிராங்கு' என்னும் மேலைநாட்டு இனப்பெயர் அரபியர் பாரசீகர் வாய்ப்பட்டுத் திரிந்து வந்த சொல். பரங்கிமலையும் பரங்கிப்பேட்டையும் அச் சொல்லைத் தாங்கி நிற்கின்றன.

இதனைக் காட்டி, 'பரங்கி அயற்சொல். அதனைத் துரத்துக' என்று முழங்குவார் இயக்கத்துள்ளும் சிலர் உளர். அவர்தம் ஆர்வம் போற்றற்குரியது, முடிபு ஏற்றற்குரியதன்று. அயற்பொருள் வந்தபோதெல்லாம் தமிழ்மக்கள் அதற்குப் பெயரிட்ட முறையைச் சற்றே எண்ணிப் பார்த்தல் வேண்டும். மிளகு போலக் காரமான காய் வந்தது, மிளகாய் என்றனர். உருண்ட கிழங்கு வந்தது, உருளைக்கிழங்கு என்றனர். மரம்போல் நிமிர்ந்து வளரும் செடியின் கிழங்கு வந்தது, மரவள்ளி என்றனர். தம் நாட்டிலேயே சிறுகாயாக வளர்ந்த தக்காளியின் பெயரை, கடல்கடந்து வந்த பெருந்தக்காளிக்குச் சூட்டினர். திருவண்ணாமலை மாவட்டத்தின் உயிர்ப்பயிராகிய வேர்க்கடலையோ மணிலா நகரின் பெயரால் மணிலாக்கொட்டையாகி, உழவர் நாவில் தேய்ந்து மல்லாட்டை ஆயிற்று. இன்று அச் சொல்லில் மணிலாவைக் காண்பார் யார்? அது வடார்க்காட்டுக் கரிசலும் செம்மண்ணும் கலந்த தமிழாகவே மாறிவிட்டது.

உவமை, வடிவம், பழம்பெயர் நீட்சி, வந்த இடம் என்னும் இந் நால்வகையிலும் ஓருண்மை பொதுவாகும். பெயரிட்டவர் தமிழ்மக்கள், இட்டது தமிழ் வாய்க்கு ஏற்ற வடிவம். தொல்காப்பியர் இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் எனச் சொல்லை நால்வகைப்படுத்திய காலத்திலேயே, திசைச்சொல்லுக்கு ஓர் எல்லை வகுத்து இடந்தந்துள்ளார். பின்வந்த நன்னூலார் அவ் வெல்லையைத் தமிழ் வழங்காப் பிற நாடுகளுக்கும் விரித்தார். வந்தவனை வந்தவன் என்று பெயரிட்டு, வாயிலில் நிறுத்தி, தமிழொலியில் அழைப்பது அடிமைத்தனமன்று. அது தலைவன் செயல். வந்தவன் தன்னை எங்ஙனம் அழைத்துக்கொள்கின்றானோ அங்ஙனமே நாக்குழறி ஒப்பிப்பதே அடிமைத்தனம்.

'சுகுவாசு' என்பது இரண்டாம் வகை. அச் சொல்லும் ஆங்கிலர்க்கு உரியதன்று. வட அமெரிக்காவில் நாரகன்செட்டு என்னும் தொல்குடியினர் வழங்கிய நீண்ட சொல்லொன்றைக் குறுக்கி ஆங்கிலர் தமதாக்கினர். உரோசர் வில்லியம்சு என்பார் 1643இல் வெளியிட்ட நூலில் அத் தொல்குடியினர் மொழியைப் பதிவு செய்துள்ளார். பச்சையாகத் தின்னப்படுவன என்பது அதன் முதற்பொருள். பச்சையாகத் தின்னலாகாத கட்டித்தோற் காய்க்கு அதே பெயரை வைத்து, 'குளிர்காலச்' என்னும் அடையையும் முன்னே சேர்த்தனர். முற்றவிட்டு அறுத்துப் பனிக்காலம் முழுவதும் வைத்துண்ணலாம் என்பதே அவ் வடையின் கருத்து. பனிக்காலத்தில் விளைவது என்பதன்று. பனி பெய்து நிலம் உறையும் நாட்டார்க்கு அது பொருந்தும். ஆனித்திங்களிலும் மார்கழித்திங்களிலும் விதையூன்றி, முற்றிய காயைக் காம்போடு அறுத்துப் பரண்மேல் அடுக்கிப் பல திங்கள் வைத்துண்ணும் தமிழ்நாட்டார்க்கு அவ் வடை எற்றுக்கு? கோவை வேளாண் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட கோ 1, கோ 2 என்னும் பரங்கி வகைகள், குளிர்காலம் என்னும் பெயரடை இன்றியே உழவர் கொல்லையில் காய்த்துத் தொங்குகின்றன.

'பட்டர்நட்' என்பதும் அத்தகையதே. வெண்ணெயும் அன்று, கொட்டையும் அன்று. 1940களில் அமெரிக்க மாசச்சூசெட்சு மாநிலத்தில் உருவாக்கப்பட்ட ஒரு பரங்கி வகையே அது. இந்நாட்டுப் பரங்கியும் அதுவும் பெரும்பாலும் ஓரினத்துக் கொடிகளே. கழுத்து நீண்டு அடி பருத்த குடுவை வடிவினது ஆகலின் குடுவைப் பரங்கி என்றால், கண்டவர் எவரும் காட்டாமலே அறிவர். உருளைக்கிழங்கு என்று பெயரிட்ட உழவன் இன்று கடையில் நின்றால் இதனைத்தான் சொல்வான்.

கலத்தின் பெயரில் உள்ள பொய்

இனி அக் கரிய பெட்டிக்கு வருவோம். நெதர்லாந்து நாட்டுப் பிலிப்சு நிறுவனம் 2010இல் பெர்லின் பொருட்காட்சியில் இதனை உலகுக்கு அறிமுகப்படுத்தியது. மேலே ஒரு வெப்பச்சுருள். அதனருகே விரைந்து சுழலும் ஒரு விசிறி. கீழே துளையிட்ட ஒரு கூடை. சுருளிற் சூடேறிய காற்றை விசிறி விரட்டுகின்றது. அக் காற்று கூடையிலுள்ள காய்த்துண்டுகளை எல்லாப் பக்கமும் சூழ்ந்து, அவற்றின் மேலீரத்தை உலர்த்தி, விளிம்பைச் சிவக்கச் செய்கின்றது. இதன் உண்மை இயல்பு ஒரு சிறிய வெப்பக்காற்று அடுப்பே. எண்ணெயில் மூழ்கும் வேலை எதுவும் இதில் நிகழ்வதில்லை. ஆயினும் எண்ணெயிற் பொரித்த சுவையை விரும்பும் மேலைநாட்டு மக்களிடம் விற்றல் வேண்டிப் 'பிரையர்' என்று பெயர் வைத்தனர். அது வணிகப் பெயர், பொருட்பெயரன்று.

இப் பொய்யை அப்படியே பெயர்த்துக் 'காற்றுப் பொரிப்பான்' என்று வழங்குவாரும் உளர். அவர் அயற்சொல்லை விலக்கினர். அயலான் கருத்தை விலக்கினாரல்லர். ஆங்கிலச் சொல்லின் ஒவ்வோர் உறுப்புக்கும் ஒரு தமிழ்ச்சொல்லை நிறுத்துவது சொல்லாக்கம் ஆகாது; அஃது ஆங்கிலத்துக்குத் தமிழ்ச் சட்டை தைப்பதே.

இதற்கு மறுமொழி ஒன்று எழலாம். 'பொரித்தலுக்கு எண்ணெய் கட்டாயமோ? கார்த்திகை விளக்கீட்டுக்குத் திருவண்ணாமலையில் உருட்டும் பொரியுருண்டையின் பொரி எண்ணெயிலா பொரிந்தது?' என்று கேட்பவர் கேட்பது முறையானதே. அரிசி சூடேறிய மணலில் பொரிகின்றது. ஒருதுளி எண்ணெயும் இல்லை. ஆகலின் எண்ணெயின்மை கொண்டு அப் பெயரை மறுத்தல் இயலாது. மறுப்புக்குரிய கரணியம் வேறு. பொரித்தல் என்பதன் உள்ளீடு யாது? உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகி வெடிக்க அரிசி பொரிகின்றது. எண்ணெயில் இட்ட அப்பளம் உப்பிப் பொரிகின்றது. முட்டை பிளந்து குஞ்சு பொரிகின்றது. வெடித்தல், பிளத்தல், உப்புதல் என்பனவே அச் சொல்லின் உயிர். பரங்கிக் கீற்றோ சுடுகாற்றில் உப்புவதுமில்லை, வெடிப்பதுமில்லை. ஈரம் வற்றிச் சுருங்கிச் சிவக்கின்றது. சுருங்குவதைப் பொரிதல் என்பது தமிழன்று. அதே கலத்தில் அப்பளத்தை இட்டால் அது பொரியும்; ஆங்கே பொரித்தல் என்பதே சரி. வினை, கலத்தைப் பொறுத்ததன்று. கலத்துள் இட்ட பொருளுக்கு நேர்வதைப் பொறுத்தது.

ஆகலின் கலத்துக்குப் பெயரிடுவார், பல பொருளுக்கும் இடங்கொடுக்கும் அகன்ற வினையைத் தேர்தல் வேண்டும். வறுத்தல் என்பது அத்தகையது. எண்ணெயின்றி மல்லியும் மிளகாயும் வறுக்கின்றனர். சிறிதளவு எண்ணெயில் கிழங்கும் மீனும் வறுக்கின்றனர். ஈரம் வற்றி நிறமும் மணமும் மாறுவதே வறுத்தல். அக் கலத்துள் நிகழ்வது பெரும்பாலும் அதுவே. வறுசட்டி என்பது தமிழ் அடுக்களைக்குப் பழகிய பெயர். காற்றால் வறுக்கும் சட்டியைக் காற்று வறுசட்டி என்றால், ஏனக்கடை முதலாளிக்கும் விளங்கும், கீழ்நாத்தூர் முதியவளுக்கும் விளங்கும். நாளடைவில் வாய்ப்பழக்கத்தில் காற்றுச்சட்டி என்று சுருங்கினும் கேடில்லை. மணிலாக்கொட்டை மல்லாட்டை ஆன நாட்டில் சொற்கள் தேய்ந்து அழகுபெறுவது புதிதன்று.

இதனினும் சிறந்த பெயர் ஒன்றை ஒரு பெண் நாளை தன் அடுக்களையில் சொல்வாளாயின், கருத்தரங்கச் சொற்கள் அனைத்தும் அவள் சொல்லுக்கு வழிவிடல் வேண்டும்.

மின்னம்மி தந்த பாடம்

இத்துணைச் சிறிய செய்திக்கு இத்துணை ஆரவாரமா என்பார் ஒரு பழைய பாடத்தை எண்ணுக. 2011இல் தமிழ்நாட்டரசு விலையில்லாப் பொருள் வழங்கும் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. கோடிக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்கு மூன்று பொருள்கள் சென்றன. அரசாணையிலும் மேடையிலும் அவற்றின் பெயர்கள் மிக்சி, கிரைண்டர், மின்விசிறி என்பன. மூன்றில் ஒன்றுக்கு மட்டும் தமிழ்ப்பெயர் எங்ஙனம் வாய்த்தது? மின்விசிறி என்னும் சொல் அதற்கு முன்னரே மக்கள் வாயிலும் பள்ளிப் பாடத்திலும் நிலைபெற்றிருந்தமையால் அன்றோ? மின்னம்மி, மின்னாட்டுக்கல் என்னும் அழகிய ஆக்கங்கள் இருந்தும், அவை அறிஞர் தாளிலேயே தங்கிவிட்டமையால், அரசு கொடுத்த பொருளோடு ஆங்கிலச்சொல்லும் விலையின்றி வீடுவீடாக வழங்கப்பட்டது.

இதனினும் நாணத்தக்கது மற்றொன்று. மின்னாட்டுக்கல் மேலைநாட்டுப் பொறியன்று. இட்டலிக்கும் தோசைக்கும் மாவாட்டக் கோவையில் தமிழர் வடித்தெடுத்த பொறி. கோவைக்கே உரியதெனப் புவிசார் குறியீடும் பெற்றது. தமிழ்நாட்டில் பிறந்த அக் குழந்தைக்கும் 'வெட் கிரைண்டர்' என்று ஆங்கிலத்திற் பெயர் சூட்டினர் பெற்றோர். அயலான் பொருளுக்கு அயற்பெயர் வைப்பது சோம்பல். தன் பொருளுக்கு அயற்பெயர் வைப்பது தன்மறதி.

இன்று செல்வர் வீட்டில் உள்ள காற்று வறுசட்டி பத்தாண்டில் எளியோர் வீட்டுக்கும் வரும். மின்னம்மி வந்த வழியே அதுவும் வரும். பெயர் முந்தினால் பொருள் தமிழாகும். பொருள் முந்தினால் பெயர் ஆங்கிலமாகும்.

வினை போனால் எல்லாம் போம்

ஆயினும் பெயர்ச்சொல் இழப்பு ஈடுசெய்யத் தக்கது. இன்று இழந்த பெயரை நாளை ஆக்கிக்கொள்ளலாம். வினைச்சொல் இழப்போ அத்தகையதன்று. பெயர்ச்சொல் மொழிக்கு விருந்தினன், வினைச்சொல்லே வீட்டுக்காரன்.

தமிழ் அடுக்களையின் வினைகளை ஒருமுறை எண்ணிப் பார்க்க. நீரில் இட்டு வேகவைத்தல், ஆவியில் அவித்தல், வெறுஞ்சட்டியில் வறுத்தல், சிறிது எண்ணெயில் புரட்டி வதக்கல், நெருப்பில் நேரே இட்டுச் சுடுதல், நெருப்பைத் தொடாமல் அனலிற் காட்டி வாட்டல், உப்ப வைத்துப் பொரித்தல், கடுகும் கறிவேப்பிலையும் இட்டுத் தாளித்தல், மத்தாற் கடைதல், கையால் மசித்தல், அகப்பையால் துழாவல், அடிபிடிக்காமற் கிண்டல், கஞ்சி வடித்தல். அவற்றின் முடிவைச் சுட்டவும் தனித்தனிச் சொற்கள்: வெந்தது, குழைந்தது, சிவந்தது, முறுகியது, தீய்ந்தது, கருகியது. இவையனைத்துக்கும் தாயாக அடுதல் என்னும் பழஞ்சொல். அதினின்றே அடுப்பும் அடுக்களையும் அட்டிலும் அடிசிலும் பிறந்தன. சமையல் நூலுக்கு மடைநூல் என்றும், சமைப்பவனுக்கு மடையன் என்றும் பழந்தமிழர் பெயரிட்டிருந்தனர். அண்ணாமலையார் கோயிலிலும் சமையலிடம் இன்றும் மடைப்பள்ளியே. அங்குச் சமைத்த படையல் மட்டும் வெளியே வரும்போது 'நைவேத்தியம்' ஆகின்றது. சமைப்பவனைக் குறித்த சொல்லோ வெளியே வசைச்சொல்லாய் இழிந்தது.

ஆங்கிலத்தில் 'ரோசுட்டு' என்னும் ஒருசொல், வறுத்தல் சுடுதல் வாட்டல் என்னும் மூன்றையும் விழுங்கும். 'பிரை' என்னும் ஒருசொல், வறுத்தல் வதக்கல் பொரித்தல் என்னும் மூன்றையும் விழுங்கும். அவ் வாங்கிலச் சொற்களும் தமிழுக்குள் தனியே நடக்கமாட்டா; 'பண்ணு' என்னும் ஊன்றுகோல் அவற்றுக்கு வேண்டும். கட் பண்ணு, மிக்சு பண்ணு, பிரை பண்ணு, பேக் பண்ணு, டேசுட்டு பண்ணு! அரிதல், நறுக்கல், கலத்தல், பிசைதல், வறுத்தல், சுவைத்தல் எனப் பல்வகை வினைகளால் நிறைந்திருந்த ஒரு பெருவீட்டில், இறுதியில் எஞ்சுவது 'பண்ணு' என்னும் ஒற்றைத் தமிழ் வினையே. இது கடன் வாங்கலன்று, குடிபெயர்ப்பு.

அடுக்களைச் சொல் அடுக்களையோடு நிற்பதுமில்லை. வறுமை வாட்டுகின்றது என்கின்றனர். நெஞ்சு வெந்தது என்கின்றனர். வயிறு எரிந்தது என்கின்றனர். கேள்விகளால் வறுத்தெடுத்தான் என்கின்றனர். அனலிற் காட்டிய இலை தன் விறைப்பிழந்து துவள்வதைக் கண்ணாற் கண்டவளுக்கே, வறுமை வாட்டுகின்றது என்னும் தொடரின் கொடுமை விளங்கும். வாட்டல் என்பதை அறியாத பிள்ளைக்கு அது பொருளற்ற ஒலி. பாடநூலில் அத் தொடர் இருக்கும். தேர்வில் மதிப்பெண்ணும் கிடைக்கும். உள்ளத்தில் ஒன்றும் தைக்காது. அடுப்பில் ஒரு சொல் அவிந்தால், இலக்கியத்தில் ஒரு விளக்கு அவியும்.

இங்கே இயக்கத்தார் தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றுண்டு. 1916இல் மறைமலையடிகள் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கியபோது அவருக்குத் துணைநின்றவர் அவர்தம் மகள் நீலாம்பிகையம்மையார். வடசொற்களுக்கு நேரான தமிழ்ச்சொற்களை அகரவரிசைப்படுத்தித் தந்தவரும் அவரே. ஆயினும் பின்வந்தோர் சொல்லாக்கத்தை மேடைக்கும் அலுவலகத்துக்கும் உரியதாக்கி, அடுக்களையை மறந்தனர். பேருந்துக்கும் தொலைக்காட்சிக்கும் பெயர் கண்ட ஆடவர், தம் வீட்டு அடுப்படியில் நாள்தோறும் ஒலித்த சொற்களைக் குறித்துவைத்தாரல்லர். மொழிஞாயிறு பாவாணர் ஏட்டுச் சொற்களோடு உலக வழக்குச் சொற்களையும் ஊர்தோறும் தொகுக்க வேண்டும் என்று வாழ்நாளெல்லாம் வலியுறுத்தினார். அத் தொகுப்பின் பெரும்பகுதி பெண்டிர் வாயிலன்றோ உள்ளது? தனித்தமிழ் பேசும் ஆடவர், தாமே அடுப்பங்கரையிற் புகுந்து அகப்பை பிடித்தாலன்றி அச் சொற்கள் அவர்க்கு வயப்படா.

தமிழாற் சமைத்தல்

அயற்சொல்லின்றி இப் புதுக்கலத்தில் சமைக்கும் முறையைச் சொல்ல இயலுமா என்று ஐயுறுவார்க்கு இதோ விடை.

நன்கு முற்றிய பரங்கிக் கீற்று ஒன்றை எடுத்துக் கொட்டையும் நாரும் வழித்தெடுக்க. தோல் கட்டியாயின் சீவுக, இளந்தோலாயின் விட்டுவிடுக. ஒருவிரற் கனத்தில் ஒப்ப நறுக்குக. கனம் ஒவ்வாவிடில் ஒன்று கருகும், ஒன்று வேகாது. ஈரத்தைத் துணியால் ஒற்றுக. ஒரு கரண்டி நல்லெண்ணெய், உப்பு, மிளகுத்தூள், சிறிது மஞ்சள் இட்டுப் பிசிறுக. எண்ணெயை அறவே விடுதல் வேண்டா. பரங்கியின் செம்மஞ்சள் நிறத்துக்கு உரிய ஊட்டம் கண்ணுக்கு நலந்தருவது. அதனை உடல் ஏற்க எண்ணெய்ப்பசை துணைசெய்யும். கலத்தை 180 முதல் 200 பாகை வெப்பத்துக்குச் சூடேற்றுக. துண்டுகளைக் கூடையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமற் பரப்புக. குவித்தால் காற்று புகாது, காய் தன் ஆவியிலேயே அவிந்து குழைந்துவிடும், வறுபடாது. எட்டு மணித்துளியில் கூடையைக் குலுக்கிப் புரட்டுக. மேலும் ஆறேழு மணித்துளியில் விளிம்பு சிவந்து முறுகும். உள்ளே வெண்ணெய் போல வெந்திருக்கும். இறக்கி, கடுகும் மிளகாயும் தாளித்துக் கொட்டித் தேங்காய்த் துருவல் தூவுக.

இதில் எங்கே தடுக்கிற்று தமிழ்? பிசிறுதல், ஒற்றுதல், பரப்புதல், புரட்டுதல், முறுகுதல் என்று தமிழ் தந்த நுட்பம், 'மிக்சு பண்ணி, பேக் பண்ணி' என்பதில் உண்டோ? இக் கலம் இல்லார் வருந்தவும் வேண்டா. அடுப்பில் விறகெரிந்து தணலானபின், கீற்றைத் தோலோடு தணலருகில் வைத்துத் திருப்பித் திருப்பிச் சுட்டெடுத்தால், காற்று வறுசட்டி நாணும் சுவை கிட்டும்.

செய்யத்தக்கவை

பொறியைப் பகைத்தல் இவ் வியக்கத்தின் கொள்கையன்று. எண்ணெயைக் குறைத்து உடலைக் காக்கும் கலம் வருக. பெண்ணின் வேலைச்சுமையைக் குறைக்கும் கலம் எதுவாயினும் வருக. தமிழ்ப்பெயரோடு வருக, தமிழ் வினையோடு வருக என்பதே வேண்டுகோள்.

கடைப் பெயர்ப்பலகையில் தமிழ் முதன்மையாக இருத்தல் வேண்டும் என்பது அரசின் நெறி. பலகைக்குள் நுழைந்தவுடன் விலையொட்டில் தமிழ் இல்லை. திருவண்ணாமலை அன்பர்கள் தேரடித் தெரு ஏனக்கடைகளிலும் காய்கனிக் கடைகளிலும் வணிகரைப் பகையாது பணிவோடு அணுகி, குடுவைப் பரங்கி என்றும் காற்று வறுசட்டி என்றும் எழுதிய ஒட்டுகளைத் தாமே அச்சிட்டுக் கொடுத்தல் வேண்டும். வாங்குபவர் தமிழிற் கேட்டால், விற்பவர் தமிழில் விடை சொல்வர். வணிகன் வாங்குபவன் மொழியையே பேசுவான். தமிழாசிரியர் ஒவ்வொருவரும் தம் மாணவரிடம், வீட்டிலுள்ள பாட்டியிடம் சென்று இருபது சமையல் வினைகளைப் பொருளோடு கேட்டு எழுதிவரச் சொல்லல் வேண்டும். மாணவியர் மட்டுமன்று, மாணவரும் எழுதுதல் வேண்டும். அத் தாள்களே நாளைய அகரமுதலிக்கு விதைநெல்.

அண்ணாமலை என்னும் தமிழ்ப்பெயரை 'அருணாசலம்' என்று ஏடுகள் எத்துணை முறை மாற்றி எழுதினும், மலையைச் சுற்றும் மக்கள் அண்ணாமலைக்கு அரோகரா என்பதை விட்டாரல்லர். தேவாரக் காலத்துப் பெயர் இன்றும் பேருந்தில் ஒலிக்கின்றது. மக்கள் வாயில் இருக்கும் சொல்லை எந்த அரசும் எந்த வணிகமும் அழிக்க இயலாது; மக்கள் தாமே விட்டுவிட்ட சொல்லை எந்த அறிஞரும் மீட்க இயலாது.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பது பழமொழி. வினைகளை இழந்துகொண்டே, 'தமிழ் வாழ்கின்றது, தமிழ் வளர்கின்றது' என்று மேடையில் முழங்குவதும் அத்தகைய மறைப்பே. தேரடித் தெருவில் அவ் விளைஞர் கேட்ட கேள்வி இன்னும் விடைக்காகக் காத்து நிற்கின்றது. வாட்டல் என்றால் என்ன என்று கேட்கும் அடுத்த பிள்ளைக்கு விடை சொல்ல, அம் முதியவள் இருக்கமாட்டாள். அவளிடம் கேட்டு வைத்தவர் இருத்தல் வேண்டும்.